பழைய டீசல் லாரியுடன் மணாலி–லே சாலை: பம்பைக் கூட்டலாமா?

கேள்வி: 2025 மே 11

அண்ணா, 2007ஆம் ஆண்டு மாடல் டாடா 1613 வண்டி ஒன்றைச் சண்டிகரில் வாங்கியிருக்கிறேன். ஜூன் இரண்டாம் வாரம் மணாலியிலிருந்து லேவுக்கு சிமெண்ட் லோடு தருவதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். போன வாரம் குல்லு வரை ஒரு நடை போனேன். ஏற்றத்தில் கரும்புகை தள்ளுகிறது, இழுவையும் போதவில்லை. டீசல் பம்பைக் கூட்டி, அதாவது எஞ்சினுக்கு அதிக டீசல் தள்ளும்படி வைத்தால், மேலே நன்றாக இழுக்கும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

மே 11, இரவு

கூட்ட வேண்டாம், தம்பி.

உள்ளே போகும் டீசலை எரிப்பதற்குக் காற்று பற்றாதபோதுதான் கரும்புகை வரும். அந்த நிலையில் பம்பைக் கூட்டினால் புகைதான் கூடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும்; வெளியேறும் புகையின் சூடு ஏறி, பிஸ்டன் தலையையும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போவையும் பதம் பார்க்கும்.

நான் 1986 முதல் 2003 வரை இராணுவத்தில் ஓட்டுநராக இருந்தேன். அதில் இரண்டு பணிக்காலம் லடாக்கில், சக்திமான் என்ற இராணுவ லாரியில் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு 2004, 2005, 2006 ஆகிய மூன்று பருவங்களில் ஓர் ஒப்பந்தக்காரரின் 1613 வண்டியை மணாலி–லே சாலையில் ஓட்டினேன். அந்தச் சாலையில் நீங்கள் தாண்டப்போகும் உயரமான கணவாய் தங்லங் லா, 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். புதிய வண்டிகளில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. கம்ப்யூட்டர் அதற்கேற்ப டீசலைக் குறைத்துக்கொள்ளும். நம் வண்டியின் பழைய பம்புக்கு ஆக்சிலேட்டரும் எஞ்சின் வேகமும் மட்டுமே தெரியும். வேலூரில் நின்றாலும் தங்லங் லாவில் நின்றாலும் ஒரே அழுத்தலுக்கு ஒரே அளவு டீசலைத்தான் தள்ளும். ஆகவே அந்தக் கணக்கை உங்கள் வலது கால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் புகையைப் பாருங்கள்; கருக்கத் தொடங்கும் இடத்துக்குக் கீழே காலை வைத்திருங்கள். அதற்கு மேல் அழுத்துவது இழுவையாக மாறாது.

மணாலியில் நல்ல பம்பு மெக்கானிக் இருந்தால், கூட்டுவதற்குப் பதிலாகக் கால் சுற்று குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

மே 12, காலை

இரவு அவசரத்தில் எழுதியதை மறுபடி படித்தபோது முக்கியமான ஒன்றைத் தவறவிட்டது தெரிந்தது. குல்லுவின் உயரம் ஏறத்தாழ 1,200 மீட்டர். நம் ஊட்டி 2,240 மீட்டர். டர்போகூட இல்லாத பழைய 1210 வண்டிகள் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு எத்தனை காலம் ஊட்டி மலையில் ஏறி இறங்கியிருக்கின்றன! ஊட்டியின் உயரத்தில் பாதியளவே உள்ள இடத்தில் டர்போ உள்ள வண்டி கரும்புகை தள்ளுகிறது என்றால், அந்தப் பழியை மலையின் மேல் போட முடியாது. வண்டியிலேயே கோளாறு இருக்கிறது. முதலில் ஏர் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று வரும் ரப்பர் குழாய்களின் கிளிப்புகளைப் பாருங்கள். அதன் பிறகு, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்கள்.

பம்பைக் கால் சுற்று குறைக்கச் சொன்னதையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு முன் பம்பில் கை வைத்தால், பிறகு எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும்.

மே 14

ஏர் பில்டரின் வெளி மடிப்புகளில் சிமெண்ட் தூசி எண்ணெயோடு சேர்ந்து களிமண் போல அப்பியிருந்தது என்றும், புதியது போட்ட பிறகு புகை பெருமளவு நின்றுவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. பழைய பில்டரைத் தட்டி மறுபடி போடும் பழக்கத்தை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். மேலே போகப் போகக் காற்றே பாதியாகிவிடும்; மிஞ்சிய காற்றைப் பில்டர் மறித்தால் எஞ்சினுக்கு எதுவும் மிஞ்சாது. கூடவே புதிய பில்டர் ஒன்றை உறை பிரிக்காமல் கேபினில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் சர்ச்சு என்ற இடத்தைத் தாண்டி வரும் மோரே சமவெளியில் நான் ஓட்டிய காலத்தில் மாவு போன்ற புழுதி எழும். இப்போது அங்கே தார்ச்சாலை இருந்தாலும், வேலை நடக்கும் இடங்களில் எதிரே வரும் வண்டி கிளப்பும் தூசி குறைவாக இராது.

பம்பு வேலையில் பல ஆண்டுகள் இருந்த நண்பர் ஒருவர் என்னைத் திருத்தினார். டர்போ வண்டிகளில் சிலவற்றின் பம்புத் தலையில் உதரவிதானம் கொண்ட சிறு பெட்டி ஒன்று இருக்கும். டர்போ காற்றழுத்தம் ஏறும் வரை அது முழு டீசலையும் விடாது. அதற்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தால் பெட்டிக்குக் காற்றே எட்டாது. எவ்வளவு அழுத்தினாலும் வண்டி இழுக்காது, புகையும் வராது. ஓட்டுநரோ உயரத்தால்தான் இழுவை குறைந்தது என்று நினைத்துக்கொள்வார். அந்தக் குழாயையும் பார்த்துவிடுங்கள். பம்பைக் குறைக்கும் என் யோசனையை முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன். அந்த வேலையைக் காலால் செய்வதே நல்லது.

மே 17

இன்று ரேடியேட்டரைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். பனியிலும் குளிரிலும் எஞ்சின் சூடேறாது என்று நம்பி வரும் ஓட்டுநர்கள் பலரை அந்தச் சாலையில் பார்த்திருக்கிறேன்.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். தங்லங் லாவில் திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகாததற்கும் இதுதான் காரணம். இப்போது ரேடியேட்டருக்கு வாருங்கள். அதன் மூடி வெறும் மூடி அன்று. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் சேர்ந்து, தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருக்கின்றன. அரை பார், அதாவது கடல் மட்டக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி அழுத்தம் தாங்கும் மூடி என்று வைத்துக்கொண்டால், தங்லங் லாவிலும் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. 82 டிகிரியிலேயே கொதித்துப் பொங்கும். எஞ்சினைச் சரியாக வேலை செய்யவைக்கும் சூடே ஏறக்குறைய அந்த அளவுதான் என்பதால், ஒரு குற்றமும் செய்யாத எஞ்சின்கூட அங்கே ஆவியைக் கக்கும். சமவெளியில் இதே மூடியோடு பல ஆண்டுகள் ஓடியிருப்பீர்கள், ஒன்றும் தெரிந்திருக்காது. இத்தோடு, மெலிந்த காற்று ரேடியேட்டரிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு போவதும் குறைவு. விசிறி அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் அது தள்ளும் காற்றின் எடை பாதிதான்.

2004இல், என் முதல் பருவத்தில், காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளையும் முதல், இரண்டாம் கியர்களில் ஏறி முடித்து, மேலே நக்கீ லாவை நெருங்கும்போது போனட் இடுக்கில் ஆவி வந்தது. கிளீனர் பையன் பதறிப்போய் மூடியைத் திறக்க ஓடினான். நான் கத்தித் தடுத்தேன். அரை மணி நேரம் ஐடிலில் விட்டு, காற்று வரும் திசைக்கு வண்டியின் முகத்தைத் திருப்பி நிறுத்தி, சூட்டைக் காட்டும் முள் இறங்கிய பிறகு துணி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினோம். மூடியின் ரப்பர் வளையம் வாழைப்பட்டை காய்ந்து பிளந்தது போல மூன்று இடங்களில் பிளந்திருந்தது. லே வரை ஒவ்வொரு ஏற்றத்திலும் நின்று நின்று, இருபது லிட்டர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனோம்.

காட்டா லூப்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே ஒரு வளைவோரம் தண்ணீர் புட்டிகள் குவிந்த ஒரு சிறு கோயில் இருக்கிறது. பருவம் முடியும் வேளையில் ஒரு லாரி பழுதாகி நின்றதாகவும், ஓட்டுநர் உதவி தேடிப் போனபோது பனி மூடிக்கொண்டதாகவும், வண்டிக்குக் காவலிருந்த கிளீனர் பசியிலும் குளிரிலும் இறந்துபோனதாகவும் ஓட்டுநர்கள் சொல்வார்கள். போகிறவர்கள் எல்லாரும் அவருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறார்கள். நானும் ஒவ்வொரு நடையிலும் வைத்தேன். உங்கள் கிளீனருக்கும் சேர்த்து மூன்று நாள் உணவும், கனத்த போர்வைகளும் ஏற்றாமல் கிளம்பாதீர்கள்.

மே 18

நேற்று எழுதியதில் ஒரு குறை. ‘தண்ணீர்’ என்று எழுதிக்கொண்டே போய்விட்டேன். வெறும் தண்ணீரை ஊற்றக் கூடாது. உறையாமல் இருக்கக் கூலன்ட் கலக்க வேண்டும். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால், கழித்தல் 35 டிகிரி வரை கவலையில்லை. ஜூனில்கூட சர்ச்சுவில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

இராணுவத்தில் என் முதல் ஆண்டுகளில் மாலையானதும் தண்ணீரை இறக்கிவிட்டுக் காலையில் சூடான தண்ணீர் ஊற்றுவோம். 1993 அக்டோபரில் பாங் முகாமில் ரேடியேட்டரின் அடிக்குழாயை மட்டும் திறந்துவிட்டு, எஞ்சின் பிளாக்கில் உள்ள குழாயைத் திறக்க மறந்து தூங்கிவிட்டேன். காலையில் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்த வட்டத் தகடு மூடி பிதுங்கி வெளியே வந்து, அதன் விளிம்பில் பனிக்கட்டி பளபளத்தது. பிளாக் பிளக்கவில்லை; அது அந்தத் தகட்டின் புண்ணியம்.

மே 23

ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் நேரம்தான் போகும். இறக்கத்தில் நடக்கும் தவறுக்கு மறுவாய்ப்பு கிடையாது.

2005 செப்டம்பரில் தங்லங் லாவிலிருந்து ரும்ட்சே நோக்கி முழு லோடுடன் இறங்கினேன். இருட்டுவதற்குள் உப்ஷியைத் தொட வேண்டும் என்ற அவசரம். இரண்டாம் கியரில் இறங்க வேண்டிய இடத்தில் மூன்றாம் கியரில் இறங்கினேன். வண்டி தள்ளத் தள்ளப் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டேன். நாலாவது வளைவில் பிரேக் லைனிங் கருகும் வாடை கேபினுக்குள் வந்தது. பிரேக்கை இயக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் ஏர் மீட்டரைப் பார்த்தால் முள் எட்டிலிருந்து ஐந்துக்கு வந்திருந்தது. அடுத்த வளைவில் நான்குக்கு இறங்கி, பஸ்ஸர் அலறியது. இரண்டாம் கியருக்கு மாற்ற முயன்றேன். வண்டியின் வேகத்துக்கு அது விழவில்லை. ஒரு கணம் வண்டி நியூட்ரலில் உருண்டது. அந்தக் கணத்தை இன்றும் என் முதுகுத்தண்டு மறக்கவில்லை. மறுபடி மூன்றாம் கியரையே போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கை அழுத்தியபடி, மலைப்பக்கத்துச் சரளைக் குவியலில் இடது சக்கரங்களை ஏற்றி உரசி நிறுத்தினேன். பள்ளத்துப் பக்கம் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

நிறுத்திய பிறகு கிளீனர் பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றப் போனான். அதையும் தடுத்தேன். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிரம் வெடிப்பு விடும். ஒரு மணி நேரம் தானாக ஆறவிட்டோம். ஆறிக்கொண்டிருக்கும்போது கைப்பிரேக்கை நம்பாமல் நான்கு சக்கரங்களுக்கும் ஆப்புக் கட்டை போட்டோம்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த பாடம். அந்த மலையில் அதைவிட ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள். கணவாயின் உச்சியிலேயே, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைப் போட்டுவிடுங்கள். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடாமல், ஒருமுறை திடமாக அழுத்தி வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, முழுவதுமாக விட்டுவிடுங்கள். அடுத்த அழுத்தல் வரை டிரம்மும் ஆறும், டேங்கிலும் காற்று நிரம்பும்.

மே 24

முள் அவ்வளவு வேகமாக இறங்கியதன் காரணத்தை அப்போது நான் புரிந்துகொள்ளவில்லை. எங்கோ ஏர் லீக் என்றே நினைத்து, லேயில் ஒரு நாள் முழுவதும் சோப்புத் தண்ணீர் தடவித் தேடினேன். லீக் எங்கும் இல்லை. கம்ப்ரசர் உள்ளிழுக்கும் காற்றே பாதியாக மெலிந்தது. அந்த மெலிந்த காற்றை அதே எட்டு வரை அழுத்த வேண்டும். கீழே ஒரு நிமிடத்தில் நிரம்பும் டேங்க் அங்கே இரண்டு நிமிடத்துக்கும் மேல் எடுக்கும். இறக்கத்தில் குறைந்த வேகத்தில் சுற்றும்போது இன்னும் தாமதமாகும். மீட்டரில் எட்டு காட்டுவதால் பிரேக்கின் பிடி குறைவதில்லை. செலவான காற்று திரும்பி வரத்தான் நேரம் பிடிக்கிறது.

எக்ஸாஸ்ட் பிரேக்கும் மேலே சற்று மந்தமாகத்தான் பிடிக்கும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். புகைக்குழாயை அடைத்து எஞ்சினுக்குள் காற்றை முட்டவைத்துத்தான் அது வேலை செய்கிறது. முட்டுவதற்கான காற்றே குறைவு. நான் நேற்று ‘ஒரு கியர் குறைத்து’ என்று எழுதியதன் காரணமும் இதுவே.

தினமும் மாலையில் ஏர் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். இரவில் அது உறைந்து வால்வை அடைத்தால், காலையில் பிரேக் விடுபடாது. அல்லது, இன்னும் மோசமாக, பிடிக்காது.

மே 30

கேட்டவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டீசல்: தாண்டி என்ற ஊரில் டேங்கை நிரப்பிவிடுங்கள். நான் ஓட்டிய காலத்தில் அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அங்கே பலகை வைத்திருந்தார்கள். ஜூனில் டீசல் உறைவதைப் பற்றி அஞ்ச வேண்டாம். குளிர்காலத்தில் மண்ணெண்ணெய் கலப்பார்கள், டேங்குக்கு அடியில் பந்தம் பிடிப்பார்கள், நானும் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் பம்பின் மசகைக் கெடுக்கும், பந்தம் உயிரைக் கெடுக்கும். 2019 முதல் லடாக்கில் இந்தியன் ஆயில் குளிர்கால டீசலை விற்கிறது. கழித்தல் 33 டிகிரி வரை அது உறைந்து நிற்காது.

டர்போ: கணவாய் ஏறியதும் எஞ்சினை உடனே அணைக்காதீர்கள். மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். கொண்டை ஊசி வளைவில் டர்போ எழுந்து வரத் தாமதமாகும். அந்த இடைவெளியை அரைக்கிளட்சில் சமாளித்தால் லே போவதற்குள் கிளட்ச் பிளேட் தீய்ந்துவிடும். வளைவுக்கு முன்பே முதல் கியர்.

நீரோடைகள்: ஜிங்ஜிங்பாருக்கும் பரலாச்சா லாவுக்கும் இடையே பனி உருகி வரும் நீர் சாலையைக் கடக்கும். வெயில் ஏற ஏற நீரும் ஏறும். விடியலில் கடந்துவிடுங்கள்.

உடம்பு: இதுதான் எனக்குக் கவலை. எங்கள் காலத்தில் 3,978 மீட்டர் ரோத்தங்கை ஏறி, சேற்றில் சிக்கி, கேலாங் போய்ச் சேரவே ஒரு நாள் ஆகும். அந்தத் தாமதத்தில் உடம்பு கொஞ்சம் பழகிவிடும். 2020இல் அடல் சுரங்கம் திறந்த பிறகு, காலையில் மணாலியில் தேநீர் குடித்தவர் மாலையில் 4,200 மீட்டருக்கு மேலுள்ள சர்ச்சுவில் படுத்துவிடலாம். அப்படிப் படுக்காதீர்கள். முதல் இரவு கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ தங்குங்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் லோடை மறந்துவிட்டு இறங்குங்கள். கேபின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே ஸ்டவ் பற்றவைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு வாசமும் கிடையாது, எழுப்பவும் மாட்டாது.

ஜூன் 3

டயர் காற்றைக் கேலாங்கில் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம் என்று தொலைபேசியில் உங்களிடம் சொல்லியிருந்தேன். அது தவறு. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மேலே மீட்டர் ஆறேழு பவுண்டு வரை கூடக் காட்டும்; குளிர் அதில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும். அந்தக் கூடுதலை டயர் தாங்கும். அதை இறக்கிவிட்டு, கீழே வரும்போது மறுபடி அடைக்க மறந்தால், மண்டி நகருக்குக் கீழே வெயிலில் காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடிக்கும். சண்டிகரில் அடைத்த அளவிலேயே விட்டுவிடுங்கள்.

பாரத்தையும் யோசியுங்கள். அனுமதித்த அளவுக்கு ஒரு மூட்டைகூட மேலே வேண்டாம். முதல் நடை என்பதால் இரண்டு டன் குறைத்தே ஏற்றச் சொல்லுங்கள். தரகர் முனகுவார், முனகட்டும்.

ஜூன் 9

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பில்டர் சரி. ஏர் குழாய்க் கிளிப்புகள் புதியவை, நல்லது. ஆப்புக் கட்டைகள் நான்கும் மரத்தில் செய்தவை. அடியில் பழைய டயர் துண்டை அடித்துக்கொள்ளுங்கள், ஈரத்தில் வழுக்காது.

ஐந்தாவது படத்தில் ரேடியேட்டர் மூடியின் உள்வளையத்தில், ஸ்பிரிங்குக்கு இடது பக்கம், முடி அளவு ஒரு கோடு தெரிகிறது. தூசியாக இருக்கலாம் என்று நினைத்து மூன்று முறை பார்த்தேன், அது வெடிப்புதான். நாளை காலை கிளம்ப வேண்டாம். மணாலியில் கிடைக்காவிட்டால் குல்லுவுக்கு ஆள் அனுப்பி, மூடியில் பொறித்திருக்கும் அதே அழுத்த எண்ணைப் பார்த்து இரண்டு வாங்கிவரச் சொல்லுங்கள். ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைக் கேபினில் வையுங்கள். போட்ட பிறகு ஒரு படம் அனுப்புங்கள், தம்பி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.